பெயருக்கு என்ன எடை

மாமனார் தன் பைக்குள் தராசை எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்ததுமே அவர் மருமகன் மீட்டர், ஸ்கூட்டர் சாவியைத் தேடுவதை நிறுத்தினான்.

"அது எதுக்கு மாமா? நாம போறது பேர் வைக்கிற போட்டிக்கு."

"இருக்கட்டும் மாப்ளே. வேலையில இருந்த காலத்துல இது இல்லாம நான் ஒரு கடைக்குள்ள கால் வெச்சதில்ல. வெறுங்கையோட போனா எனக்கு நடையே வராது."

மாமனார் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருமுனையில் திரும்புவது தெரிந்தாலே கடைவீதி முழுவதும் திடீரென்று தாராள மனசு பொங்கும் என்பார்கள். அரசாங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவர் கைக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வரும் சோப்புக்கட்டி, பிஸ்கட் பொட்டலம், பேத்தியின் பள்ளிக்கூடப் பை எதுவும் அந்தச் சுருள்வில் தராசின் கொக்கியில் ஒருமுறை தொங்காமல் உள்ளே போக முடியாது. உலகத்தில் உள்ள சரக்கை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். எடை போடக்கூடியது ஒன்று. ஏமாற்றுக்காரர்கள் விற்பது மற்றொன்று. மருமகன் செய்கிற வேலையை யோசிக்கவே யோசிக்காமல் இரண்டாவதில் போட்டிருந்தார்.

மருமகனை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முள் அசைந்தால்தான் அவன் எதையும் நம்புவான். மனைவி ஒருநாள் காய்ச்சலாக இருக்கிறது என்று படுத்தபோது, "என்னம்மா பண்ணுது?" என்று கேட்பதற்கு முன்னால் தெர்மாமீட்டரைத் தேடப் போய், அதற்காக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. அவன் ஒலிக்கருவிகளை வடிவமைப்பவன். பணத்தை எங்கே போட்டு வைப்பது என்று தெரியாதவர்கள் வாங்குகிற ஒலிக்கருவிகள். இப்போது அவன் செய்து முடித்திருந்தது ஒரு ப்ரீ ஆம்ப். இசைத்தட்டிலிருந்து ஊசி எடுத்துவரும் துளியூண்டு ஒலியை வாங்கி, பெரிதாக்கி, அடுத்த பெட்டிக்கு அனுப்புகிற பெட்டி. அதற்காக அவன் சில வருஷங்களைச் செலவழித்திருந்தான்.

"அப்படி அதுல என்னதான் விசேஷம்?" ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தபடி மாமனார் கேட்டார்.

"உள்ள வர்றத அப்படியே பெருசாக்கி வெளிய அனுப்பும் மாமா. தன் பங்குக்கு எதையும் சேர்க்காது. அதான் விசேஷம்."

"ஒண்ணும் சேர்க்காததுக்கா இந்த விலை?"

"நல்ல தராசும் அப்படித்தானே மாமா? தன் எடையச் சேர்க்காம காட்டணும்."

"தராசப் பத்தி நீங்க எனக்குச் சொல்லாதீங்க" என்றார் மாமனார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடியாதது இன்னொன்று இருந்தது. மாமனாரின் பழைய நண்பர் ஒருவர் மின்னணுத் தராசுக் கம்பெனி நடத்துகிறார். அங்கே சர்வீஸ் மேனேஜர் வேலை ஒன்று காலியாக இருந்தது. "உங்க கம்பெனிய இன்னிக்கு என் கண்ணால பாக்குறேன். நேர்மையான தொழில்னு எனக்குப் பட்டா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். ஊருக்குக் காதுல பூ சுத்துற வேலைன்னு பட்டா, ஒண்ணாந் தேதி நீங்க தராசுக் கம்பெனி. சம்மதமா?" என்று மாமனார் கேட்டிருந்தார். மீட்டரும் தலையாட்டியிருந்தான்.

"எதுக்குத் தலையாட்டினீங்க?" என்று மனைவி அப்போதே தனியாகப் பிடித்துக் கேட்டிருந்தாள்.

"உங்க அப்பா வீட்ல குடியிருந்துக்கிட்டு வேற எந்தப் பக்கம் ஆட்டுறது?"

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு எந்தக் கம்பெனின்னாலும் ஒண்ணுதான். ஆனா இந்தப் பெட்டி மொதமொதல்ல சரியா பாடின அன்னிக்கு நீங்க தூக்கத்துல சிரிச்சீங்க. தராசு ரிப்பேர் பண்ணிட்டு வந்து அப்படிச் சிரிப்பீங்களான்னு யோசிச்சுக்கோங்க."

அவன் யோசித்துப் பார்த்தான். சிரிப்பு வருகிற மாதிரி தெரியவில்லை.

கம்பெனியின் முதலாளிக்கு இரண்டு சொத்துகள் அப்பா வழியில் வந்தன. ஒன்று, பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலை. மற்றொன்று, அதிலிருந்து இன்றும் வந்துகொண்டே இருக்கிற பணம். முதலாவதை நினைத்தால் அவருக்குக் கூச்சம். இரண்டாவதை நினைத்தால் கூச்சம் வந்ததில்லை. தொழிற்சாலையில் பாதியைச் சுவர் வைத்துத் தடுத்து, கண்ணாடிக் கதவு போட்டு, 'ஒலிக்கலைக்கூடம்' என்று சாய்ந்த எழுத்தில் பலகை மாட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் வாளி அச்சடிக்கிற இயந்திரம் தொம், தொம் என்று அடித்துக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் யாராவது முக்கியமாக இசை கேட்க உட்கார்ந்தால் அதை நிறுத்திவிடுவார்கள். வாளிக்காரர்களுக்கு அது டீ குடிக்கிற நேரம். அந்தக் கட்டடத்தில் உயர்ந்த இசைக்கு அவர்களை விடப் பெரிய ரசிகர்கள் கிடையாது.

பெயர்ப் போட்டி வந்ததே ஒரு வாளியால்தான். மீட்டர் அந்தக் கருவியை மேஜைமேல் திறந்து போட்டு வேலை செய்தபோது, எங்கிருந்தோ ஒரு ரீங்காரம் வந்து உயிரை வாங்கியது. சுற்றியிருக்கிற மின்சாரத்திலிருந்து அதை மறைத்தால் சரியாகும் என்று, கைக்குக் கிடைத்த ஓர் இரும்பு வாளியை அதன் மேல் கவிழ்த்தான். ரீங்காரம் போயே போய்விட்டது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அது 'வாளி'தான். "வாளி எப்பண்ணே ரெடியாகும்?" "வாளிக்கு ஸ்க்ரூ வந்துடுச்சா?" இதைக் கேட்கும்போதெல்லாம் முதலாளி யாரோ காலை மிதித்துவிட்டதைப் போல முகம் சுளிப்பார். எந்த வாளியிலிருந்து தப்பி ஓடினாரோ அது குறுக்கு வழியில் வந்து முன்னால் நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? உடனே ஊர் உலகத்துக்கெல்லாம் போட்டி அறிவித்தார். ஜெயிப்பவருக்குப் பரிசு, முதலாளியோடு அமர்ந்து ஒரு முழு இசைத்தட்டைக் கேட்கும் வாய்ப்பு.

அப்படியிருந்தும் பெயர்கள் குவிந்தன. அவற்றில் மூன்று கடைசிச் சுற்றுக்கு வந்தன: நாதப்பெருங்கடல், கந்தர்வன், அகம்.

வேறு கம்பெனியாக இருந்தால் மூன்றையும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லி முடித்திருப்பார்கள். இங்கே அப்படி எதுவும் முடியாது. எந்தக் கம்பி, எந்த ரப்பர் கால், எந்த ஸ்க்ரூ என்று எதை முடிவு செய்வதானாலும் ஒன்றைப் போட்டு ஒரு பாட்டுக் கேட்பார்கள். கழற்றிவிட்டு மற்றதைப் போட்டு அதே பாட்டை மறுபடி கேட்பார்கள். "பேரை மட்டும் எப்படிக் கேக்காம முடிவு பண்றது?" என்றார் முதலாளி. அவர் குரலில் கிண்டல் துளியும் இல்லை. கெட்டியான அலுமினியத்தில் மூன்று முகப்புத் தகடுகள் தயாராயின. ஒவ்வொன்றிலும் பெயரின் எழுத்துகளைத் துளையாக வெட்டியிருந்தார்கள், பின்னாலிருந்து விளக்கொளி வருவதற்காக. கருவி ஒன்றுதான். தகட்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு, எந்தப் பெயரில் நன்றாகப் பாடுகிறதோ அந்தப் பெயருக்கு மாலை.

நடுவர்கள் மூன்று பேர். முதலாளி ஒருவர். ஒலிக்கருவிப் பத்திரிகையின் விமர்சகர் இன்னொருவர். எந்தக் கருவியைக் கேட்டாலும் பட்டுப்போல் இருக்கிறது என்று எழுதியே அவருக்குப் 'பட்டு' என்று பெயராகிவிட்டது. மூன்றாவது நடுவர் ஒரு சாதாரண மனிதராக, நேர்மைக்குப் பெயர்போனவராக இருக்க வேண்டும் என்று முதலாளி தேடியபோது, மீட்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தன் மாமனாரின் உத்தியோகத்தைச் சொல்லிவிட்டான்.

"முத்திரை குத்துறவரா! உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் முதலாளி.

அப்படித்தான் மாமனார் அந்த அறையின் சோபாவில், பையை மடியில் வைத்துக்கொண்டு, சோதனைக்கு வந்த அதிகாரியின் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். சுவரெல்லாம் பஞ்சு. சன்னலுக்குக் கம்பளி கனத்தில் திரை. சுவருக்கு அப்பால் தொம், தொம் நின்றது. டீக் குவளைகளின் சத்தம் லேசாக வந்து அடங்கியது.

தகடு வெட்டியவர் நாதப்பெருங்கடலை எடுத்துக் கொடுக்க, மீட்டர் அதை மாட்டினான். பழக்க தோஷத்தில் கருவியின் பின்பக்கம் தன் மீட்டரையும் இணைத்து வைத்தான். பாட்டு தொடங்கியது. ஒரு பெண் குரல், பின்னால் ஒற்றை வயலின்.

முடிந்ததும் பட்டு கண்ணை மூடியபடியே பேசினார். "விரிவு இருக்கு. கரையே தெரியல. ஆனா எங்கேயோ கொஞ்சம் ஈரம்."

"ஈரம்!" முதலாளி தொடையில் தட்டினார். "வாய்ல இருந்துச்சு சார், எனக்கு வார்த்தைதான் வரல."

மாமனார் திரும்பி மருமகனை ஒரு பார்வை பார்த்தார். தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்திருந்த கடைக்காரர்கள் பார்த்திருக்கக்கூடிய பார்வை.

அடுத்து கந்தர்வன். அதே பாட்டு.

"ஆண்மை வந்திருக்கு" என்றார் பட்டு.

"பாடுறது பொம்பளைங்க" என்றார் தகடு வெட்டியவர்.

"அந்தம்மா குரல்லதான் சொல்றேன். ஒரு நிமிர்வு."

"கரெக்ட்!" என்றார் முதலாளி. "மொதல்ல அந்தம்மா உக்காந்து பாடினாங்க. இப்ப எழுந்து நிக்கிறாங்க."

மூன்றாவதாக அகம். அந்தப் பாட்டு மறுபடியும் ஓடி முடிந்தது. பட்டு கால்களை மெல்ல இழுத்துக்கொண்டார். "ரொம்பக் கிட்ட வந்துட்டாங்க. முட்டி இடிக்குது."

மீட்டர் தன் மீட்டரைப் பார்த்தான். கடலுக்கும் கந்தர்வனுக்கும் அகத்துக்கும் முள் நூலளவும் நகரவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். இன்றைக்கு அது அவன் கழுத்துக்குக் கத்தியாக இருந்தது. மாமனார் மெதுவாகக் கையைத் தூக்கினார். தராசுக் கம்பெனியின் வாசல்கதவு திறக்கிற சத்தம் மீட்டரின் காதில் தெளிவாகக் கேட்டது.

"அந்தத் தகடுங்களக் கொஞ்சம் குடுங்க" என்றார் மாமனார்.

பையைத் திறந்தார். தராசை எடுத்தார். ஒரு துண்டுக் கயிற்றில் ஒவ்வொரு தகடாகக் கட்டிக் கொக்கியில் தொங்கவிட்டு, கண்ணை முள்ளுக்கு நேராக வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு கடையைப் பூட்டி சீல் வைக்கிற தொனியில் சொன்னார்:

"மூணும் ஒரே எடை இல்ல."

"அய்யா?" என்றார் முதலாளி.

"எழுத்த வெட்டின இடத்துல உலோகம் போயிருக்கு. எழுத்து கூடக்கூட எடை குறையும். கடலுக்குத்தான் எழுத்து ஜாஸ்தி, அதான் இருக்கறதுலேயே லேசு. ஈரம்னு சொன்னாரே சார், அது ஈரமில்லீங்க. முகத்துல எடை போதாம சத்தம் தளும்புது. அகத்துல எழுத்து கம்மி, எடை நிக்குது, அதனால அந்தம்மாவும் அசையாம நிக்கிறாங்க. மொதப் பாட்டுலயே எனக்குக் கேட்டுச்சு. புதுசா வந்தவன் எதுக்குப் பேசணும்னு சும்மா இருந்தேன்."

மீட்டருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "கேட்டுச்சா மாமா?"

"ஏன், உங்களுக்குக் கேக்கல?" மாமனார் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

பட்டு சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "இத்தன வருஷமா கம்பியப் பாத்தோம், ரப்பரப் பாத்தோம். பேரோட எடைய ஒருத்தரும் பாக்கலையே!"

"எழுத்தெடை" என்று பட்டு முணுமுணுத்தார். அடுத்த இதழில் வரப்போகும் கட்டுரை அவர் முகத்தில் அப்போதே பாதி எழுதப்பட்டுவிட்டது.

மாமனாருக்கு இப்போது வேகம் வந்துவிட்டது. "இதை விடக் கனமா தகடு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்குங்க. ஆனா அது எழுத்தே வெட்டாதது" என்று தகடு வெட்டியவர் தலையைச் சொறிந்தார். "ஸ்க்ரூ ஓட்டை சரியா விழுதான்னு பாக்கறதுக்காகச் செஞ்சது."

அதையும் தொங்கவிட்டார்கள். இருப்பதிலேயே கனம் அதுதான். மீட்டர் அதை மாட்டினான். பெயரும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல் மொழுமொழுவென்று ஒரு முகம். பாட்டு தொடங்கியது.

பட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி வாயைத் திறந்தபடி இருந்தார். மாமனார் சோபாவின் கையை இறுகப் பிடித்திருந்தார். மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஆணியடித்தாற்போல நின்றிருந்தது. அப்போதுதான் அது நடந்தது. இரண்டாம் அடி தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பெண் ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள். நூறு தடவை கேட்ட பாட்டு. அந்த மூச்சு இதற்கு முன் எங்கே போயிருந்தது? அவன் சட்டென்று முள்ளைப் பார்த்தான். அசையவில்லை. சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டு ஆட்டினான். வேறு யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு மறுபடி ஆட்டினான்.

"இதுதான்" என்றார் பட்டு.

"இதேதான்" என்ற முதலாளிக்கு அடுத்த கணமே வியர்த்தது. "ஆனா பேர் எங்க சார்? பேர் வைக்கத்தானே போட்டி? வெளிய எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க!"

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். வந்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அந்த அறையில் தீர்ப்புச் சொல்கிற இடம் அவருடையதாகிவிட்டிருந்தது.

"பேர் இல்லைன்னு யார் சொன்னா? சும்மா இருக்கறதுதான் பேரு. உன் மெஷினுக்கு என்ன பேருன்னு கேட்டா, ஒரு நொடி சும்மா இருக்கணும். அரை நொடின்னா மூச்சு வாங்குறீங்கன்னு நினைப்பாங்க. ரெண்டு நொடி ஆச்சுன்னா மறந்துட்டீங்கன்னு நினைப்பாங்க. சுத்தமா ஒரு நொடி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"அப்ப போட்டியில யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார் தகடு வெட்டியவர்.

"எதையும் அனுப்பாதவங்க" என்றார் பட்டு, அதை ஒரு தத்துவமாகவே.

"அப்ப நானுந்தான். நான் எதையும் அனுப்பலையே!" தகடு வெட்டியவர் மகிழ்ந்தார். பரிசு என்ன என்பது ஞாபகம் வந்ததும், "வேணாங்க, வேற யாருக்காவது குடுங்க" என்றார்.

வெளிக்கூடத்தில் வியாபாரிகளும் ஊழியர்களும் டீ முடித்த வாளிக்காரர்களும் கூடியிருந்தார்கள். முதலாளி மைக்கைப் பிடித்தார். "நம் கூடத்தின் மகத்தான படைப்பு. அதன் பெயர்..." என்று நிறுத்தினார். சுத்தமாக ஒரு நொடி.

"மைக் போயிடுச்சு சார்" என்றான் மைக்செட்காரன். ஓடிவந்து பிடுங்கி, "ஹலோ, ஹலோ, செக்" என்றான்.

முதலாளி அதைத் திருப்பி வாங்கினார். "அதன் பெயர்..."

"வாளி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல், தெரிந்த விடையைச் சொல்லி உதவுகிற ஆர்வத்தோடு வந்தது. கூடம் அதிர்ந்தது. கைதட்டல் எதற்கு என்று முதலாளிக்கு விளங்குவதற்குள் வியாபாரிகளும் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

வீடு திரும்பும்போது பின்சீட்டில் மாமனார் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து மருமகன் அவர் பாடிக் கேட்டதில்லை. பேசாமல் ஓட்டிக்கொண்டு போனால் போதும், வேலை தப்பிவிட்டது. ஆனால் மீட்டருக்குள் இருந்த மீட்டர் விடவில்லை. மரநிழலில் ஒரு பெட்டிக்கடை பார்த்து வண்டியை நிறுத்தினான்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லிடுறேன். தகட மாத்தினா சத்தம் மாறாது. நாலு தடவையும் முள்ளு அசையவே இல்ல. நீங்க கேட்டது எல்லாம் மனப்பிரமை. ஒண்ணாந் தேதி நான் தராசுக் கம்பெனிக்குப் போகணும்னா போறேன்."

மாமனார் அவனை நெடுநேரம் பார்த்தார். கோபம் வரும் என்று மீட்டர் தயாராக இருந்தான். வந்தது இரக்கம். தோளில் கை வைத்தார்.

"காது வாகு அப்படின்னா நீங்க என்ன பண்ணுவீங்க மாப்ளே? அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. தராசுக் கம்பெனிக்கு அப்பவே போன் போட்டு வேணாம்னு சொல்லிட்டேன். அங்கல்லாம் ஒரு கூர்மை வேணும். உங்கள அனுப்பி நான் பேர் கெடுத்துக்க முடியாது. நீங்க இங்கேயே இருங்க. கேட்டுக் கேட்டு வரும்." பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, "உங்க முதலாளி என்னையும் வரச் சொல்லியிருக்கார். அடுத்த மாடல்ல கைப்பிடியோட எடையப் பாக்கணுமாம். டெய்லி உங்க கூடவே வண்டியில வந்துடுறேன்" என்றார்.

மீட்டர் வண்டியைக் கிளப்பினான். தான் தப்பித்தோமா மாட்டிக்கொண்டோமா என்பதை அளக்க அவனிடம் கருவி எதுவும் இல்லை.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். "என்னப்பா? ஒண்ணாந் தேதி எந்தக் கம்பெனி?"

"இதே கம்பெனிதான்" என்றார் மாமனார். "நேர்மையான தொழில். உன் புருஷனுக்குத்தான் அது தெரியல. நாலு பாட்டும் அவருக்கு ஒரே மாதிரி இருந்துச்சாம்!"

அவள் முகத்தில் பூத்த சிரிப்பை மறைக்கப் பார்த்து முடியாமல், புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நிஜமாவே உங்களுக்கு ஒண்ணும் கேக்கலையா?"

முள் அசையவில்லை என்று சொல்லத்தான் மீட்டர் வாயைத் திறந்தான். அந்த மூச்சு ஞாபகம் வந்தது. பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. உண்மையைச் சொல்லவும் நா எழவில்லை. திறந்த வாய் திறந்தபடி நின்று, மூடிக்கொண்டது.

"பாத்தியா, மெஷின் பேரச் சொல்லிட்டார்!" மாமனார் பையிலிருந்து தராசை எடுத்து ஆணியில் மாட்டினார். "சுத்தமா ஒரு நொடி. எடை சரியா இருக்கு."